மே மாசத்து மாடி

இந்த உச்சி வெயில்ல வரச் சொன்னேன்னு கோவிச்சுக்காதீங்க தம்பி. காரணமாத்தான் சொன்னேன். மாடி வீடு பாக்க வர்றவங்க காலையில எட்டு மணிக்கு வருவாங்க, காத்து நல்லா வருதேம்மான்னு சொல்லி அட்வான்ஸக் குடுத்துட்டுப் போவாங்க. அப்பறம் ஏப்ரல் மாசம் எறங்கி வந்து, உள்ள இருக்க முடியலம்மான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்தக் கதையே வேண்டாம். திருச்சியில மாடி வீட்ட மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் பாக்கணும். செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க.

அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறுங்க. நான் புடிச்சுக்கறேன். நீங்க உசரமாத்தான் இருக்கீங்க, எட்டும். சீலிங்கத் தொடுங்க. என்ன, சுடல இல்ல? வெளிய நாப்பத்தொண்ணு போகும்னு காலையில நியூஸ்ல சொன்னான். இங்க எவ்வளவு இருக்குன்னு அந்தத் தெர்மாமீட்டர்ல பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. முப்பத்தஞ்சா? ஃபேன்கூடப் போடல, கவனிங்க. போன வருஷம் இதே மே மாசம் இதே நேரத்துக்கு முப்பத்தொம்பதக் காட்டுச்சு. நாலு டிகிரி. அந்த நாலு டிகிரியாலதான் எனக்கு இவ்வளவு கெட்ட பேரு.

அந்தத் தெர்மாமீட்டர் ஹாஸ்டல் சிக் ரூம் செவுத்துல மாட்டியிருந்தது. நான் ரிட்டயர் ஆகும்போது அவங்களாவே குடுத்துட்டாங்க. என் பேரு வேதவல்லி. பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல முப்பத்தோரு வருஷம் வார்டன். எங்கிட்ட பொய் சொல்லித் தப்பிச்ச பொண்ணு ஒருத்தி கெடையாது தம்பி. பாட்டி செத்துட்டாங்க மேடம், லீவு வேணும்னு வருவாளுங்க. எந்தப் பாட்டி, அப்பாவப் பெத்தவங்களா அம்மாவப் பெத்தவங்களா, அப்போ போன செமஸ்டர்ல செத்தது யாருன்னு கேப்பேன். அவ்வளவுதான், கண்ணு தரைக்குப் போயிடும். மனுஷங்க என்ன சொல்றாங்கங்கறதவிட எங்க பாத்துச் சொல்றாங்கன்னு பாக்கணும். அது எனக்கு அத்துப்படி.

என்ன, கதவையே பாக்குறீங்க? ஆமா, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல. இந்த வீட்டுல கீழயும் சரி, மேலயும் சரி, எந்த ரூமுக்கும் உள் தாழ்ப்பாள் கெடையாது. ஹாஸ்டல்ல ஒரு தடவ ஒரு பொண்ணு உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு மயங்கி விழுந்துட்டா. கதவ ஒடைச்சுத் தூக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்கே எல்லா ரூம்லயும் கழட்டச் சொல்லிட்டேன். வீட்டுலயும் கழட்டிட்டேன். வாசக் கதவுக்கு உண்டு, பாத்ரூமுக்கு உண்டு. மத்தபடி நாம என்ன திருட்டா பண்றோம், தாழ்ப்பாள் போட்டுக்க? முன்னாடி குடியிருந்தவன் புதுசா ஒண்ணு வாங்கி மாட்டினான். ஒரு மணி நேரத்துல கழட்ட வெச்சேன். பாருங்க, ஆணி போன ஓட்டை இன்னும் இருக்கு.

அவங்க ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்கன்னு நீங்க கேக்கல. ஆனா எதிர்வீட்டு சரோஜா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பா. சொல்லலைன்னா நீங்க போகும்போது சொல்லுவா. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உக்காருங்க. அந்தக் கட்டில்லயே உக்காருங்க, புதுக் கட்டில்தான். கட்டிலு, அந்த மேசை, நாற்காலி எல்லாம் என் புள்ளைக்காக வாங்கிப் போட்டது. நீங்க வர்றதா இருந்தா கீழ எறக்கிடுவேன்.

புள்ள பேரு சந்திரமௌலி. மௌலின்னு கூப்பிடுவோம். ஒரே புள்ள. அவங்கப்பா போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு. மௌலி பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். பெங்களூர் என்ன அமெரிக்காவா? ராத்திரி ரயில் ஏறினா காலையில இங்க. ஆனா வர மாட்டான். வர மாட்டான்னு சொல்லக் கூடாது, வர முடியல. வீட்டுல வெக்கை. அவன் பொண்டாட்டி ஷைலஜா வேலூர்ப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், கொஞ்சம் நாசூக்கு.

கல்யாணமான புதுசுல ஒரு மே மாசம் பத்து நாள் இருக்கறதா ரெண்டு பேரும் வந்தாங்க. மூணாம் நாள் மத்தியானம் சாப்ட்டுட்டு ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டாங்க. தாழ்ப்பாள் இல்லையா, அதனால நாற்காலிய முட்டுக் குடுத்திருக்காங்க. எனக்கு என்ன தெரியும்? மோர் எடுத்துக்கிட்டுப் போய் கதவத் தள்ளினேன், நாற்காலி சாஞ்சு விழுந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல தம்பி. மோர வெச்சேன், பகல்ல கதவ ஒருக்களிச்சு வெச்சாத்தான்டா காத்து வரும்னு சொன்னேன், வந்துட்டேன். மறுநாள் காலையில பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். வெக்கை தாங்கலம்மா, ஷைலுவுக்கு ஒத்துக்கலங்கறான். அந்த வருஷம் அப்பிடி ஒரு வெயில்தான், நானே சொல்லுவேன்.

அதுல இருந்து ஆறு வருஷமா பொங்கலுக்கு மட்டும் வருவான். காலையில வருவான், பொங்கல் சாப்பிடுவான், சாயங்காலம் கெளம்பிடுவான். ஒரு தடவ கேட்டேன், தை மாசத்துல என்னடா வெக்கைன்னு. இந்த வீட்டுல எப்பவுமே வெக்கைதாம்மான்னான். பாருங்க, தை மாசத்துலயே புள்ளைக்குத் தாங்கலைன்னா இந்தக் கான்கிரீட்டு எவ்வளவு சூட்ட உள்ள எறக்கியிருக்கும். மாடி கட்டின மேஸ்திரிய அன்னிக்கு முழுக்கத் திட்டினேன். மேல தட்டோடு பதிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வெறும் சிமென்ட்டப் பூசிட்டுப் போயிட்டான்.

போன வருஷப் பொங்கலுக்கு வந்துட்டு ஆட்டோவுல ஏறும்போது மௌலியே வாயத் தொறந்து சொன்னான். மாடி மட்டும் கொஞ்சம் கூலா இருந்தா ஒரு மாசம்கூட வந்து இருப்பேம்மா, எனக்கென்ன, லேப்டாப்ப எங்க வெச்சாலும் வேலைதானேன்னான். ஒரு மாசம்! அத நான் அப்பிடியே புடிச்சுக்கிட்டேன். புள்ள வாயால சொன்ன கணக்கு.

அப்போ இந்த மாடியில அருள்செல்வனும் சுகந்தியும் இருந்தாங்க. அவன் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில வேலை. பாய்லர்ல இருந்து போற குழாய்ங்களுக்கு கம்பளி மாதிரி எதையோ சுத்தி மேல தகரம் போடற வேலை. உள்ள இருக்கற சூடு வெளிய போகக் கூடாதாம், அதுக்கு. சுகந்தி வீட்டுல தையல் மிஷின் வெச்சு ஜாக்கெட் தைப்பா. அந்த ஜன்னலோரம்தான் மிஷின். பகல் முழுக்க இங்கதான் கெடப்பா. போன கோடையில எறங்கி வந்து, வேர்வை துணி மேல சொட்டுதும்மா, ஒரு ஏசி மாட்டிக்கட்டுமான்னா. வயரிங் தாங்காதுன்னுட்டேன். தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒருத்தருக்கு விட்டா அப்பறம் எல்லாரும் கேப்பாங்க. ஹாஸ்டல்ல அப்பிடித்தான். தரையில தண்ணி தெளிச்சுக்கோம்மா, ஈரத் துணி கட்டித் தொங்கவிடுன்னு வழி சொன்னேன். சும்மா அனுப்பல.

என்னை அம்மான்னு கூப்பிடுவா. அவளுக்குத் தாய் இல்ல, சின்ன வயசுலயே போயிட்டாங்களாம். ஆன்ட்டின்னு கூப்பிடுன்னு ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தேன். முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரு அம்மான்னு கூப்ட்டுட்டு, டிசி வாங்கினதோட திரும்பிப் பாக்காமப் போயிருக்காங்க. அவ கேக்கல. அம்மாதான்.

இந்த ஜனவரியில அருள்செல்வன் வந்து நின்னான். சுகந்தி முழுகாம இருக்கா, ஏப்ரல் கடைசியில டேட் குடுத்திருக்காங்க, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு மே மாசம் மாடியில இருக்கணும்மா, நான் ஏதாச்சும் பண்ணிக்கட்டுமான்னு கேட்டான். சீலிங்ல ஆணி அடிக்கக் கூடாது, செவுத்துல ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். உள்ள ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாம் வெளியதான்னான். சூட்ட வெளியவே நிறுத்திடணுமாம். உள்ள வந்தப்பறம் தொரத்தறது பெரிய பாடாம். எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. நானும் ஹாஸ்டல்ல அதத்தானே பண்ணேன், எல்லாத்தையும் கேட்லயே நிறுத்திடுவேன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பண்ணான். மொதல்ல பாசியெல்லாம் சொரண்டினான். வெடிப்பையெல்லாம் அடைச்சான். அப்பறம் கிளிஞ்சல் சுண்ணாம்பு ரெண்டு மூட்டை கொண்டாந்து டிரம்முல ஊற வெச்சான். அது கொதிக்கும் பாருங்க, அடுப்பு இல்லாமலே கொதிக்கும். பழைய புடவையில வடிகட்டி, வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து, மட்டையால மூணு கை அடிச்சான். அடிக்கறதுக்கு முன்னாடி தளத்துல தண்ணி தெளிப்பா சுகந்தி. ஆறு மாச வயித்தோட படி ஏறி ஏறி வருவா. ஒரு நாளு அவன் கால்ல சுண்ணாம்பு பட்டு வெந்துபோச்சு, செருப்புப் போட முடியாம நாலு நாள் வேலைக்குப் போகல. என் படிக்கட்டுல வேற சொட்டுச் சொட்டா. அத அவனத்தான் கழுவ வெச்சேன், அதுல நான் விட்டுக் குடுக்கல.

ஆனா அடிச்சு முடிச்சதும் தளம் பாத்தீங்கன்னா கண்ணு கூசும். மார்ச் மாசம் வெயில் ஏறினப்பறம் தெர்மாமீட்டர மறுபடியும் கொண்டாந்து நானே இந்தச் செவுத்துல மாட்டினேன். மத்தியானம் மூணு மணிக்கு வந்து பாத்தேன். போன வருஷம் கீழயவிட இங்க நாலு டிகிரி கூட இருந்துச்சு, இப்போ கீழ என் வீட்டுல எவ்வளவோ அவ்வளவுதான் இங்கயும். எனக்கு நம்பிக்கை வரல, மறுநாளும் வந்து பாத்தேன், மூணாம் நாளும் வந்தேன். சுகந்தி சிரிக்கிறா. உங்களுக்கும் சேத்துத்தாம்மா குளிருது, கீழ வரைக்கும் எறங்கும்னா. ஃபேனுகூட அவன் வேற மாட்டியிருந்தான், கரண்ட்டே இழுக்காதாம், பாதி பில்லுதான் வந்துச்சுன்னு காட்டினான். மேற்குச் செவுரு மட்டும் பாக்கி. சாயங்கால வெயில் அதுலதான் மொத்தமா விழும். மூங்கில் தட்டி கட்டி ஒரு சாண் தள்ளி நிறுத்தறேன்னு சொன்னான். மூங்கில்கூட வாங்கிப் போட்டுட்டான்.

அன்னிக்கே மௌலிக்கு ஃபோன் பண்ணேன். டேய், மாடி கூலாயிடுச்சுடா, நாலு டிகிரி கொறைஞ்சிருக்கு, நானே அளந்தேன்னேன். அப்பிடியா, நல்லதும்மா, பாக்கலாம்னான். பாக்கலாம்னா என்ன அர்த்தம்? வர்றேன்னுதானே அர்த்தம்? வரலைன்னா முடியாதும்மான்னு சொல்லியிருப்பான்ல. மே மாசம் வாடா, ஒரு மாசம் இருன்னேன். ம்னான்.

நீங்களே சொல்லுங்க தம்பி, நான் என்ன பண்ணியிருக்கணும்? வீடு யாருது? என் பி.எஃப். பணத்துல கட்டின மாடி. என் புள்ள ஆறு வருஷம் கழிச்சு ஒரு மாசம் தங்க வர்றான். கீழ தங்கச் சொல்லலாம், ஆனா கீழ அந்தப் பழைய ரூம்தான், அவன் வெக்கைன்னு சொன்ன ரூம். மாடியிலன்னா தனியா, அவங்க இஷ்டத்துக்கு இருப்பாங்க. நான் சாப்பாடு குடுக்க மட்டும் மேல வருவேன்.

மார்ச் மாசம் ரெண்டாம் வாரம் ரெண்டு பேரையும் கீழ கூப்ட்டுச் சொன்னேன். மாசக் கடைசியில காலி பண்ணிக்கோங்க, என் புள்ள வர்றான்னு. அருள்செல்வன் எதுத்தெல்லாம் பேசல. தரையப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்பறம் சொன்னான், "ஜூன் வரைக்கும் மட்டும் குடுங்கம்மா. மே மாசம்தான் குழந்தைக்கு இது வேணும்."

"மே மாசம்தான் தம்பி என் குழந்தைக்கும் வேணும்"னேன்.

மௌலிக்கு முப்பத்தாறு வயசு. அதனால என்ன? எனக்குக் குழந்தைதான். பிரசவத்துக்கு அவ எப்பிடியும் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தானே போகப் போறான்னு நான் சொன்னேன். அம்மா இல்லாட்டி சித்தி இல்லையா, அத்தை இல்லையா? யாரும் இல்லம்மான்னான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவன் இன்னும் ஏதோ பேச வாயெடுத்தான், சுகந்திதான் கையப் புடிச்சா. "விடுங்க. ஆறு வருஷம் கழிச்சு அவங்க புள்ள வர்றப்போ நாம குறுக்க நிக்க வேண்டாம்"னா. அவளுக்கு அந்த நல்ல புத்தி இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

போகும்போது சுண்ணாம்புக்கு ஆனதத் தர்றேன்னேன். வேண்டாம்மான்னுட்டான். அது திமிர். ஆனா ஃபேனக் கழட்டிட்டான், மூங்கிலக் கட்டி ஆட்டோவுல ஏத்திட்டான். இப்போ இருக்கறது என் பழைய ஃபேன். தளத்துல அடிச்சத மட்டும் கொண்டு போக முடியல, இல்லைன்னா அதையும் சொரண்டி எடுத்துட்டுப் போயிருப்பானோ என்னமோ.

நான் கட்டில் வாங்கினேன். மெத்தை வாங்கினேன். மௌலிக்கு லேப்டாப் வெக்க மேசை. ஜன்னலுக்குத் திரை. அவனுக்கு மாவடு புடிக்கும், ஒரு ஜாடி போட்டேன். மே ஒண்ணாந்தேதி வருவான்னு பாத்தேன். ஆஃபீஸ்ல ஏதோ ரிலீஸாம், பத்தாந்தேதி வர்றேன்னான். பத்தாந்தேதி ஷைலுவுக்கு ஜொரம். அதுக்கப்பறம் நாலு நாள் ஃபோன எடுக்கல. நான் பயந்து போய் வேலூர்ல சம்பந்தியம்மாவுக்குப் போட்டேன். அவங்க, இங்கதானே இருக்காங்க ரெண்டு பேரும், மூணாந்தேதியே வந்துட்டாங்களே, சொல்லலையான்னாங்க. பின்னாடி மௌலி சிரிக்கற சத்தம் கேக்குது.

வேலூர் தெரியும்ல உங்களுக்கு? அங்க அன்னிக்கு நாப்பத்திமூணு. பேப்பர்ல போட்டிருந்தான், எடுத்து வெச்சிருக்கேன். உங்க வீட்டுல ஏசி இருக்காம்மான்னு கேட்டேன். இல்லைங்க, ஹால்ல ஒரு ஏர்கூலர், அதுவும் ரிப்பேர், எல்லாரும் மொட்டைமாடியில பாயப் போட்டுப் படுத்துக்கறோம், மாப்பிள்ளைக்கு அதுதான் புடிச்சிருக்குன்னாங்க.

என்ன பாக்குறீங்க? அங்க போனதுக்குக் காரணம் இருக்கும். பெங்களூருக்கு வேலூர் கிட்டக்க. ராத்திரியில மலைக்காத்து வரும். நான் ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன், அப்பறம்தான் எனக்குப் புரிஞ்சது. மேற்குச் செவுருதான். சாயங்காலம் நாலு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் அந்தச் செவுரு அடுப்பு மாதிரி. அத ஃபோன்லயே மௌலிகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கேன், எல்லாம் முடிஞ்சுது, மேற்குச் செவுரு மட்டும் பாக்கின்னு. அருள்செல்வன் அத மொதல்ல முடிச்சிருந்தான்னா? வேலைய அரைகுறையா விட்டுட்டுப் போனா இப்பிடித்தான்.

நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு சொன்னீங்க? கொரியர் ஆஃபீஸா. சரி, அதுக்கென்ன.

போன வாரம் சரோஜா வந்தா. சுகந்திகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கறவ. அவங்க இப்போ அரியமங்கலம் பக்கம் இருக்காங்களாம். ஏழு மாசத்துல, எட்டு மாசத்துல யாரு வீடு குடுப்பா? கெடைச்சது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு. பொண்ணு பொறந்திருக்கு. பதினெட்டாம் நாளு குழந்தைக்கு ஒடம்பு கொதிச்சுப் போயி, பால் குடிக்கல, ஒண்ணுக்குப் போகல. பெரியாஸ்பத்திரியில அஞ்சு நாள் வெச்சிருந்தாங்களாம். கொஞ்சம் லேட்டா கொண்டாந்திருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு டாக்டரம்மா திட்டினாங்களாம். சரோஜா இதயெல்லாம் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றா. நான் என்ன வெயில உண்டாக்கினேனா? பச்சக் குழந்தைன்னா சூடு தாக்கத்தான் செய்யும், ஊர்ல எத்தனை குழந்தைக்கு வருது.

ஆனாலும் போனேன். யாரும் சொல்லிப் போகல, நானாத்தான். ரெண்டு பருத்திச் சட்டை வாங்கிக்கிட்டு முந்தாநாள் பஸ் புடிச்சுப் போனேன். அருள்செல்வன் வேலைக்குப் போயிட்டான், நல்லவேளை. ஷீட்டு மேலயும் சுண்ணாம்பு அடிச்சிருக்கான். வாசல்ல அந்த மூங்கிலத் தட்டியாக் கட்டி, கோணிய ஈரம் பண்ணித் தொங்கவிட்டிருக்கான். அப்பிடியும் உள்ள நிக்க முடியல தம்பி. அஞ்சு நிமிஷத்துல என் ஜாக்கெட் நனைஞ்சு போச்சு. சுகந்தி மடியில குழந்தையப் போட்டுக்கிட்டு, துணி வெட்டற அட்டையால விசிறிக்கிட்டே இருக்கா. ஒரு கையி விசிறுது, ஒரு கையி எனக்குத் தண்ணி மொண்டு குடுக்குது. குழந்தை கழுத்தெல்லாம் வேனக் கட்டி, தலையெல்லாம் கட்டி. கண்ணத் தொறந்து என்னப் பாத்துச்சு. நல்ல கண்ணு.

அவ ஒரு கொறை சொல்லல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசிட்டு வந்திருப்பேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"உங்க புள்ள வந்தாங்களாம்மா?"

அந்த அட்டை போய்ப் போய் வருது. குழந்தை அதையே பாக்குது.

"வந்தான்மா. ஒண்ணாந்தேதியே வந்துட்டான். மாடியிலதான் இருக்கான். ரொம்ப சௌகரியமா இருக்குன்னு சொல்றான்"னேன்.

அவ மூஞ்சி எப்பிடி ஆச்சு தெரியுமா? மலர்ந்துபோச்சு. "அப்போ சரிம்மா. அவரு தெனம் கேப்பாரு, வந்திருப்பாங்களா வந்திருப்பாங்களான்னு. இன்னிக்குச் சொல்றேன். வீணாப் போகலைல்ல"ன்னா.

எத்தனை பொண்ணுங்க கண்ண நான் பாத்திருக்கேன். அவ நம்பினா, அதுல சந்தேகமே இல்ல. நான்தான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுல வரும்போது எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா, யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டாங்க. இல்லைங்க, வெயில் ஒத்துக்கலன்னு சொன்னேன்.

சரி, விடுங்க. நம்ம விஷயத்துக்கு வருவோம். வாடகை உங்களுக்கு ஃபோன்லயே சொன்னதுதான், கூட இல்ல, கொறைய இல்ல. தண்ணி காவேரித் தண்ணி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சீலிங்ல ஆணி கூடாது. ஆனா அந்த மேற்குச் செவுருக்கு வெளிப்பக்கமா நீங்க தட்டியோ வேற எதுவோ கட்டிக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்களுக்குத்தானே நல்லது, ரெண்டரை வயசுக் குழந்தை இருக்குன்னீங்க.

ஜூன் ஒண்ணாந்தேதி நல்ல நாளான்னு பாத்துக்கங்க, பால் காய்ச்சிடலாம். அக்ரிமென்ட்டு பதினோரு மாசம். எல்லாரும் பதினோரு மாசத்துக்குத்தான் போடுவாங்க, அது உங்களுக்கே தெரியும். ஆனா எல்லாரும் அது முடிஞ்சா சும்மா திருப்பி எழுதிக்கிட்டு அங்கயே இருப்பாங்க. நான் அப்பிடி விட மாட்டேன். ஜூன்ல இருந்து எண்ணுங்க, ஏப்ரல் முப்பதோட பதினொண்ணு முடியுது. மே மாசம் வீடு எனக்குக் காலியா வேணும். ஒரு சாமான் இருக்கக் கூடாது. அந்த ஒரு மாசம் நீங்க உங்க ஊருக்கோ மாமியார் வீட்டுக்கோ போயிக்கங்க. ஜூன்ல திரும்ப வாங்க, கதவத் தொறந்து விடறேன்.

எழுந்திரிக்காதீங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. நீங்க வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி, இத மட்டும் எனக்காகப் பண்ணுங்க. அந்தப் பொண்ணு சுகந்தி சரோஜா வீட்டுக்கு ஜாக்கெட் குடுக்க இந்தத் தெருவுக்கு வருவா. உங்களப் பாத்தா பேசுவா, யாருகிட்டயும் பேசுவா. சரோஜா அவகிட்ட என்ன சொல்லியிருந்தாலும் சரி, மே மாசம் மாடியில யாரு இருந்தாங்கன்னு அவ கேட்டா, அந்தம்மாவோட மகன் இருந்தாரு, நான் வீடு பாக்க வந்தப்போகூட அந்த மேசையில ஒக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருந்தாருன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதானே தம்பி. இல்லைன்னா அந்தக் குழந்தை அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தது எதுக்குன்னே இல்லாமப் போயிடும்.